காரமான வற்றலுக்குள் பூஞ்சணம் வருமா?

முண்டுவற்றல்காரி:
பங்குனியில் ராமநாதபுரத்திலிருந்து நாலு கிலோ முண்டு வற்றல் வரவழைத்தேன். மாடியில் ஒரே ஒரு நாள் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிவிட்டேன். நேற்று தாளிப்பதற்கு ஒன்றைக் கிள்ளினால், விதையைச் சுற்றிச் சாம்பல் நிறப் பஞ்சு! தோலோ பளபளவென்று இருக்கிறது. மிளகாய்க் காரம் பூஞ்சையைத் தடுக்கும் என்று படித்திருக்கிறேனே, அது பொய்யா? மறுபடி வெயிலில் போட்டால் தேறுமா?

பழைய வாத்தியார்:
பொய்யில்லை அம்மா, ஆனால் அது செடியில் தொங்கும் பழத்தின் கதை. பொலிவியாவில் ஒரு காட்டு மிளகாய் இனத்தில் காரமுள்ள செடியும் காரமற்ற செடியும் பக்கத்துப் பக்கத்தில் வளர்கின்றன. நாவாய்ப்பூச்சி பழத்தைக் குத்திச் சாறு உறிஞ்சும். அந்தத் துளை வழியாக ஃபுசேரியம் பூஞ்சை புகுந்து விதையைக் கெடுக்கும். காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் இருந்த பழங்களில் இந்தச் சேதம் குறைவு என்று ஜோஷுவா டியூக்ஸ்பரி என்ற உயிரியலாளரின் குழுவினர் 2008இல் காட்டினார்கள். குறைவுதான், இல்லாமல் போகவில்லை! (பறவைகளுக்குக் காரம் உறைப்பதில்லை, விதையை அவை பாட்டுக்குப் பரப்பும். கெட்டிக்காரச் செடி.)

இன்னொன்று, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் வேளாண் ஆய்வாளர்கள் கெயன் மிளகாயிலிருந்து சிஏஒய்-1 என்ற சாப்போனினை (சோப்புபோல் நுரைக்கும் தாவரப் பொருள்) பிரித்தெடுத்தார்கள். அது பூஞ்சையின் செல் சவ்விலுள்ள ஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு கொல்கிறது. காரம் தரும் கேப்சைசின் வேறு, இது வேறு. ஆய்வகத்தில் பிரித்தெடுத்த பொருளின் வேலையை உங்கள் தூக்கிலுள்ள வற்றலிடம் எதிர்பார்க்க முடியாது.

வெயிலில் போட வேண்டாம். அஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சையாக இருந்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். அது வெயிலுக்கும் போகாது, தாளிக்கும் எண்ணெய்க்கும் போகாது. கொட்டிவிடுங்கள்.

கரிசல் சம்சாரி:
ஐயா சொன்னதுதான் சரி அக்கா. களத்திலேயே மழை பட்டால் எங்களுக்கும் பாதி, நிறம் வெளுத்த சண்டு வற்றலாகிவிடும். காரம் எதையும் காப்பாற்றுவதில்லை. வற்றலைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். விதை சலசலக்க வேண்டும். காம்பை ஒடித்தால் வளையாமல் முறிய வேண்டும். அப்புறம் ஆறவைத்து மூடுங்கள்.

முண்டுவற்றல்காரி:
தூக்கின் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் நீர் முத்துமுத்தாக நின்று காய்ந்த தடம் அப்படியே இருக்கிறது. நாலு கிலோவையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். மாமியார் இன்னும் என்னோடு பேசவில்லை.