புரோமோட்டர் வரிசைகளை வலைப்பின்னலாக வரைந்தால் கொத்துகள் ஏன் கலந்துவிடுகின்றன?

கேள்வி:
ஈ. கோலை பாக்டீரியாவின் புரோமோட்டர்கள் (மரபணுவுக்கு முன்னால் இருந்து அதை இயக்கத் தொடங்கும் டி.என்.ஏ பகுதிகள்) சில நூற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வைத்து, எழுத்துக்கு எழுத்து அதிகம் ஒத்துப்போகும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தேன். ஒரே வேலைக்கான மரபணுக்கள் ஒரே கொத்தில் சேரும் என எதிர்பார்த்தேன். ஆனால் சர்க்கரையைச் சிதைக்கும் மரபணுக்களும் அமினோ அமிலம் தயாரிப்பவையும் கலந்தே கிடக்கின்றன. அளந்த விதம் தவறா?

மறுமொழி 1:
ஒரு பகுதி தவறுதான். படியெடுப்பு, அதாவது மரபணுவை ஆர்.என்.ஏவாக நகலெடுப்பது, தொடங்கும் இடத்துக்கு ஏறத்தாழ 10, 35 எழுத்துகள் முன்னால் உள்ள இரு ஆறெழுத்துப் பகுதிகளே முக்கியமானவை. அவற்றின் இடைவெளி பெரும்பாலும் 17 எழுத்து. ஆனால் 15 முதல் 19 வரை மாறும். ஓரெழுத்து நகர்ந்தாலே உங்கள் ஒப்பீடு குலைந்துவிடும். அந்த இரு பகுதிகளையும் தனித்தனியே நேராக்கிக்கொண்டு ஒப்பிடுங்கள். தொடர்பே இல்லாத இரு வரிசைகள்கூடத் தற்செயலாகக் கால்பங்கு ஒத்துப்போகும் என்பதையும் கழித்துவிடுங்கள்.

மறுமொழி 2:
நேராக்கினாலும் வேலைவாரியாகப் பிரியாது என்பது என் கருத்து. அந்த 12 எழுத்துகள் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிக்மா 70 என்ற புரதம் பற்றிக்கொள்ளும் பிடிமானமே தவிர, மரபணுவின் வேலையைச் சொல்பவை அல்ல. லாக்டோஸ் சர்க்கரையைச் சிதைக்கும் மரபணுக்களுக்கான லாக் புரோமோட்டரைப் பாருங்கள். 10 எழுத்து முன்னால் உள்ள அதன் பகுதி டி-ஏ-டி-ஜி-டி-டி; சிறந்த வடிவமோ டி-ஏ-டி-ஏ-ஏ-டி. இரண்டே எழுத்து வேறுபாடுதான், ஆனால் அந்தக் குறையால்தான் அது சி.ஆர்.பி என்ற புரதத்தின் துணையை எதிர்பார்க்கிறது. அவ்விரண்டையும் திருத்திய யு.வி.5 என்ற திரிபு அத்துணை இல்லாமலே நன்கு இயங்குகிறது. ஆகவே எந்தப் புரதம் எந்த வரிசையில் அமர்கிறது என்பதைக் கோடாக வரையுங்கள். அது வேறு வலைப்பின்னல், உங்கள் கேள்விக்கு உரியதும் அதுவே. அரபினோஸ் சர்க்கரைக்கான மரபணுக்களில், சி.ஆர்.பி முதலில் அராசி என்ற புரதத்தின் மரபணுவைத் தூண்டுகிறது. பிறகு இருவரும் சேர்ந்தே மற்ற மரபணுக்களை இயக்குகிறார்கள். இந்த முக்கோண வடிவம் ஈ. கோலையில் தற்செயலுக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் காணப்படுகிறது என 2002இல் யூரி அலோன் குழுவினர் காட்டினர். கணநேரம் வந்து மறையும் சமிக்ஞையை அது பொருட்படுத்தாமல் விட்டுவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஓரமாகத் தனித்து நின்ற ஒரு சிறு கொத்தைப் பிழையென ஒதுக்கியிருந்தேன். மீண்டும் பார்த்தபோது அதில் பெரும்பாலானவை வெப்ப அதிர்ச்சி மரபணுக்கள், அதாவது திடீர் வெப்பத்தில் இயங்குபவை.

மறுமொழி 2:
அவை சிக்மா 70-க்குப் பதிலாக சிக்மா 32 என்ற வேறு சிக்மா புரதத்தைச் சார்ந்தவையாக இருக்கும். அதன் பிடிமான எழுத்துகளே வேறு. ஈ. கோலையில் சிக்மா வகைகள் ஏழு. முதலில் அவற்றைப் பிரித்துவிட்டு மறுபடி வரையுங்கள்.