உதவி: கிணற்று நீரில் கார்பன் புள்ளிகளின் ஒளிர்வு காரணமின்றிக் குறைகிறது

நீலஒளி: சிட்ரிக் அமிலத்தையும் எதிலீன்டைஅமீனையும் ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக்கலனில்) 200 டிகிரி செல்சியசில் 5 மணி நேரம் வைத்துத் தயாரித்த கார்பன் புள்ளிகளை (ஒளிரும் நானோ கார்பன் துகள்களை) கொண்டு, ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கண்டறிய முயல்கிறேன். காய்ச்சி வடித்த நீரில் டைகுரோமேட் (அக்குரோமியம் உள்ள உப்பு) சேர்க்கச் சேர்க்க ஒளிர்வு ஒழுங்காகக் குறைகிறது. ஆனால் ஆம்பூர் அருகே எடுத்த கிணற்று நீரில், எதையும் சேர்க்காமலேயே கால் பங்காக விழுந்துவிடுகிறது. ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் ஊதா நிறம் காட்டும் டைஃபினைல்கார்பசைடு சோதனையில் அந்நிறமோ தோன்றவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

துளி: எந்த அலைநீள ஒளியைப் பாய்ச்சிப் புள்ளிகளைக் கிளர்வூட்டுகிறீர்கள், பிஎச் எவ்வளவு, நீரை வடிகட்டினீர்களா என்ற மூன்றையும் சொல்லவில்லையே?

இரும்பன்: ஐயமே வேண்டாம், இது இரும்பு. மூன்று இணைதிறன் இரும்பு இவ்வகைப் புள்ளிகளின் ஒளிர்வை நன்றாகவே தணிக்கும். இரும்பைப் பிணைத்துக்கொள்ளும் ஈடிடிஏ சேர்த்துப் பாருங்கள்.

பழையகுவெட்: இக்கேள்வி மாதந்தோறும் வருகிறது, தம்பி. உம்மிடம் உள்ளது கார்பன் புள்ளிதான் என்று எப்படித் தெரியும்? அவ்விரு பொருள்களும் வினைபுரியும்போது, நீலமாக ஒளிரும் சிறு மூலக்கூறு ஒன்றும் உருவாகிறது. டயாலிசிஸ் செய்யும்போது, அதாவது சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் இட்டுத் தூய்மையாக்கும்போது, பைக்கு வெளியே உள்ள நீரைப் புறஊதா விளக்கில் பார்த்திருந்தால், அதுவும் நீலமாக மின்னுவதைக் கண்டிருப்பீர்.

துளி: புள்ளியோ மூலக்கூறோ, அவர் கேட்டது அதுவன்று.

பழையகுவெட்: எது ஒளிர்கிறது என்று தெரியாமல் எது தணிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நீலஒளி: கிளர்வு 360 நானோமீட்டர், உமிழ்வு 440. பிஎச் 7. வடிகட்டவில்லை. நீர் சற்றுத் தேநீர் நிறத்தில் உள்ளது.

கரைவாசி: அந்தத் தேநீர் நிறத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம். குரோமேட்டே 370 நானோமீட்டர் அருகில் ஒளியை வலுவாக உறிஞ்சுவதால், டைகுரோமேட் சேர்த்த உங்கள் அளவீட்டில் பெரும்பங்கு உள்வடிகட்டி விளைவாகத்தான் இருக்கும். அதாவது, குரோமியம் புள்ளிகளைத் தொட்டு அணைக்கவில்லை, அவற்றுக்குச் சேர வேண்டிய ஒளியை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. கிணற்று நீரில், தோல் பதனிடப் பயன்படும் மரப்பட்டைத் துவர்ப்பொருளும் மட்கிய இலைச் சாறும் அதையே செய்யும். வடிகட்டிய நீர் கலந்த கரைசலின் உறிஞ்சல் அளவை 360, 440 இரண்டிலும் எடுத்துக் கூட்டி, பாதியாக்கி, 10இன் அடுக்காக வைத்து ஒளிர்வைப் பெருக்குங்கள். பத்து மடங்கு நீர்த்தும் ஒருமுறை பாருங்கள்.

இரும்பன்: ஈடிடிஏவை மறக்க வேண்டாம்.

நீலஒளி: 360இல் 0.9, 440இல் 0.2 வந்தது. திருத்தியபின் ஒளிர்வு, காய்ச்சி வடித்த நீரில் இருந்ததில் ஏறத்தாழ 90 விழுக்காடு. நன்றி.

இரும்பன்: மீதிப் பத்து விழுக்காடு இரும்புதான்.