சுருட்டு சருகாகிவிட்டது, என்ன செய்யலாம்?

கேள்வி: துபாயிலிருந்து மச்சான் ஒரு பெட்டி கியூபா சுருட்டு கொண்டுவந்தார். சென்னையில் ஏசி அறை அலமாரியில் வைத்தேன், இரண்டே வாரத்தில் மேல் இலை வெடித்துவிட்டது. ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

உறையூர்க்காரன்: ஐயோ வேண்டாம், ஃப்ரிட்ஜ் இன்னும் உலர்த்தும், சாம்பார் வாசமும் ஏறும். காற்றுப் புகாத டப்பாவில் 65 அல்லது 69 சதவீத ஈரப்பத பாக்கெட் (டப்பாவுக்குள் ஈரத்தை அந்த அளவிலேயே வைத்திருக்கும் சின்னப் பை) போட்டு மூடி வையுங்கள், அவசரப்பட்டு ஈரம் ஏற்றினால் மிச்சமும் பிளக்கும்.

பழைய புகையாளி: வெயில் காலத்தில் டப்பா 25 டிகிரிக்கு மேல் சூடானால் இலைக்குள் வண்டு முட்டை பொரியும், குண்டூசித் துளை தெரிந்தால் அதுதான். அடுத்த முறை வாங்கும்போது லேசாக அமுக்கிப் பாருங்கள், கட்டி தட்டினால் புகை சரியாக இழுக்க வராது.

கேட்டவர்: சரி, வெடித்தவை?

உறையூர்க்காரன்: அவை தானாக ஒட்டாது சார். மச்சானுக்கே கொடுத்துவிடுங்கள்.