மாமாவின் ஆம்ப்ளிஃபயரில் குரல் நடுவில் நிற்கவில்லை, இரவல் ஸ்பீக்கரில் 'கும்' என்று அதிர்கிறது: வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எதை வாங்குவது?

மஞ்சக்குப்பம் கணக்காளர்:

வணக்கம். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் சாலையை ஒட்டிய ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில். சிறிய புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்க 12,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அதை வீட்டில் வைப்பதா, அலுவலகத்தில் வைப்பதா என்பதிலேயே குழப்பம். காரணம், இப்போது கையில் இரண்டு ஜோடிகள் இருக்கின்றன. இரண்டிலும் மனம் நிறையவில்லை.

முதல் ஜோடி, புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் போன மாதம் வாங்கிய பழைய பெட்டிகள். தாழ்ந்த ஒலிக்கு ஐந்து அங்குல வூஃபர், பின்னால் எட்டு ஓம் என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஆம்ப்ளிஃபயர் கிடையாது. மாமா வீட்டில் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபயரில் நானே ஒயர் போட்டு இணைத்தேன். பாட்டு கேட்கிறது, ஆனால் பாடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. குரல் அறை முழுக்கச் சிதறுகிறது. மிருதங்கத்தில் கனமே இல்லை.

இரண்டாவது, உடன் வேலை செய்பவர் இரவல் கொடுத்த நான்கு அங்குல ஆக்டிவ் ஜோடி, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது. வீட்டில் வைத்தால் 'கும் கும்' என்று அடித்துப் பாட்டின் சொற்களை விழுங்குகிறது. அதையே அலுவலக மேசையில் வைத்தால் வேறு தொல்லை. லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் 'ஊம்' என்று ஓர் உறுமல் வருகிறது, பிடுங்கினால் நின்றுவிடுகிறது.

வீட்டில் கேட்பவர் என் அப்பா, வயது 74. நாகஸ்வரம்தான் அவருக்கு உயிர். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய பதிவுகளைக் கேசட்டிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்பார். அறை பத்தடிக்குப் பத்தடி. எடிஃபையர், ப்ரீசோனஸ், சோனி என்று மூன்று பெயர்களைச் சொல்கிறார்கள். எது நல்லது?

நெல்லிக்குப்பம் மாணவன்:

அக்கா, யோசிக்கவே வேண்டாம், ப்ரீசோனஸ் ஈரிஸ் 3.5 வாங்குங்கள். அது 50 வாட், எடிஃபையர் ஆர்1280டி 42 வாட்தான். என் விடுதி அறையில் ஈரிஸ்தான் வைத்திருக்கிறேன், மிகத் தெளிவு. ஞாயிறு சந்தைப் பெட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

உப்பளம் ஒலியமைப்பாளர்:

தம்பி, வாட் கணக்கை மட்டும் வைத்து முடிவு சொல்லிவிடாதீர்கள். எடிஃபையரில் ஒரு பக்கத்துக்கு 21 வாட், ஈரிஸில் 25 வாட். வாட்டை இரட்டிப்பாக்கினாலே சத்தம் மூன்று டெசிபல்தான் ஏறும். 21-க்கும் 25-க்கும் இடையே ஒரு டெசிபல்கூட வராது. காதால் பிரித்தறிவது கடினம்.

அம்மா, பணத்தைச் செலவழிக்கும் முன் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். பழைய பெட்டிகளுக்கு எந்த ஒயரைப் போட்டீர்கள், இரண்டு இழைகளும் ஒரே நிறமா? அப்பாவின் கட்டில் சுவரை ஒட்டியிருக்கிறதா? அலுவலக மேசையில் ஸ்பீக்கருக்கும் பின்சுவருக்கும் எவ்வளவு இடைவெளி?

நான் திருவிழா மேடைகளில் முப்பது ஆண்டுகளாக ஒலிபெருக்கி கட்டுகிறேன். 'பெட்டி கெட்டுவிட்டது' என்று என்னிடம் வருகிறவற்றில் பெட்டி நன்றாக இருந்து இணைப்பு தவறியவையே அதிகம்.

மஞ்சக்குப்பம் கணக்காளர்:

ஐயா, வீட்டு வேலையில் மீந்த தட்டை ஒயர், இரண்டு இழையும் வெள்ளை. கட்டில் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது; அப்பாவின் தலைமாடு மூலையில். அலுவலகத்தில் மேசையே சுவரைப் பார்த்துப் போட்டது, நாலு விரல் இடைவெளிகூட இருக்காது.

உப்பளம் ஒலியமைப்பாளர்:

நினைத்தது சரி. பழைய ஜோடியில் ஒரு பெட்டிக்குப் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கிறது. ஒரு பெட்டியின் கோன், அதாவது அதிரும் கூம்பு, முன்னே வரும்போது மற்றதன் கோன் பின்னே போகிறது. தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். குரலும் நடுவில் நிற்காது. நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் இந்த ஒரே தவறில் பிறக்கும்.

சோதிக்க ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அதிலிருந்து ஒயரைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய முனைகளைப் பேட்டரியில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் முன்னே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட இழைதான் பெட்டியின் பிளஸ். அந்த இழையில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டுங்கள். அடுத்த பெட்டிக்கும் அப்படியே செய்து, நூல் கட்டிய இழைகள் இரண்டையும் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனைகளில் செருகுங்கள். தொடுவது ஒரு நொடிதான், பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க உங்கள் அப்பாவின் பதிவைவிடச் சிறந்த கருவி வேறில்லை. ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956-இல். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில். ஆகவே அவருடைய பதிவு எல்லாமே மோனோ. இரண்டு பெட்டிக்கும் போவது ஒரே ஒலி. இரண்டுக்கும் சம தூரத்தில் உட்கார்ந்து கேட்டால், நாகஸ்வரம் இரண்டுக்கும் நடுவில், சுவரில் ஆணி அடித்தது போல ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இணைப்பில் தவறு இன்னும் இருக்கிறது.

லாஸ்பேட்டை இயற்பியல் ஆசிரியை:

சகோதரி, வீட்டில் கேட்கும் 'கும்' சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நானும் பாட்டு கற்றவள் என்பதால் இதில் அக்கறை அதிகம்.

பத்தடி என்பது ஏறத்தாழ 3.05 மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர் அளவு. இரண்டு சுவர்களுக்கு நடுவே அலை ஒன்று சிக்கி நிற்க, அலைநீளத்தில் பாதி பத்தடியாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 57 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 114. உங்கள் அறை சதுரம் என்பதால் நீளத்திலும் அகலத்திலும் அதே எண்கள் வந்து விழுகின்றன, ஆகவே உபத்திரவமும் இரட்டிப்பு. இந்த அலைகளின் அழுத்தம் சுவரில்தான் உச்சம். மூலையில் இரண்டு சுவர்களின் உச்சமும் சேர்கின்றன. அப்பாவின் தலைமாடு இருப்பது சரியாக அங்கேதான். தவிலிலும் மிருதங்கத்திலும் தொப்பியின் (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) நாதம் இந்த எண்களை உரசும்போதெல்லாம் அவருக்கு அடி விழுகிறது. அறையின் நடுவில் நின்று கேட்டால் அந்த 57 ஹெர்ட்ஸ் அவ்வளவு தெரியாது.

கட்டிலை ஒன்றரை முழமாவது சுவரை விட்டு நகர்த்திப் பாருங்கள். ஸ்பீக்கரை மூலையில் வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று. சின்னப் பெட்டியில் தம்புரா கேட்காது என்று பயப்பட வேண்டியதில்லை. ஒரு கட்டை ஸ்ருதியில் மத்திய ஸட்ஜம் (நடு 'ஸ') 131 ஹெர்ட்ஸ், மந்தர ஸட்ஜம் (கீழ் 'ஸ') 65. ஈரிஸ் 3.5-இன் அளவு 80 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குவதாகத் தயாரிப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மந்தர ஸட்ஜத்தின் அடித்தளம் அதற்குக் கீழே இருக்கிறது. ஆனாலும் அதன் மடங்குகளில் சேர்ந்து ஒலிக்கும் மேல் ஒலிகள் ஒழுங்காக வந்தால் மூளை அடித்தளத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். நாகஸ்வரத்துக்கு இந்தக் கவலையே வேண்டாம். அது நடுப்பகுதியிலும் மேற்பகுதியிலும் வாழும் வாத்தியம். உச்ச ஒலிக்கான ட்வீட்டர் காதைக் கூசவைத்தால்தான் தலைவலி வரும்.

மஞ்சக்குப்பம் கணக்காளர்:

நேற்று மாலை பேட்டரி வைத்துப் பார்த்தேன். ஐயா சொன்னது அப்படியே. இடப் பெட்டியின் கோன் முன்னே துள்ளியது, வலப் பெட்டியில் உள்ளே போனது. நூல் கட்டி மாற்றிச் செருகினேன். அப்பாவின் தோடி ராகப் பதிவைப் போட்டதும் நாகஸ்வரம் காலண்டர் மாட்டிய இடத்தில் வந்து நின்றது. நான் விலகி நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மாதமாகக் குறை சொன்ன பெட்டி இது!

கட்டிலை நகர்த்தினோம். இரவல் ஜோடியிலும் 'கும்' பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. ஆனால் அப்பா சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார், அம்மா குறைக்கச் சொல்கிறார். இரண்டு ஜோடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டதில் எனக்கு இரவல் ஜோடிதான் கொஞ்சம் மேலாகத் தெரிகிறது. புதிதாக ஆக்டிவ் ஜோடியே வாங்கி வீட்டில் வைக்கட்டுமா?

உப்பளம் ஒலியமைப்பாளர்:

சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்டீர்களா? கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக ஒலிப்பது போலவே தோன்றும். கடைக்காரர்கள் அறிந்த வித்தை அது. கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, கட்டிலின் தலையணை மேல் வைத்து, இரண்டு ஜோடிகளையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்து, பிறகு அப்பாவையே கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். எது ஒலிக்கிறது என்று அவருக்குச் சொல்லாதீர்கள்.

லாஸ்பேட்டை இயற்பியல் ஆசிரியை:

வயதானவர்களுக்கு உச்ச ஒலிகள்தான் முதலில் மங்கும். மொத்தச் சத்தத்தையும் ஏற்றினால் அம்மாவின் காது வலிக்கும், அப்பாவுக்குத் தெளிவும் வராது. ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிள் குமிழை ஒரு புள்ளி கூட்டி, பெட்டிகளை அவர் அருகே கொண்டுவாருங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஆறு டெசிபல் கூடும். அறைக்குள் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் கேட்டதும் தெரியும். ட்வீட்டர் அவர் காதின் உயரத்தில் இருக்கட்டும். செவிப் பரிசோதனை செய்து நாளாகியிருந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

மஞ்சக்குப்பம் கணக்காளர்:

செயலியில் இரண்டையும் 68 டெசிபலுக்குக் கொண்டுவந்து ஐந்து முறை மாற்றிப் போட்டேன். அப்பா நான்கு முறை ஞாயிறு சந்தைப் பெட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார். 'இதில் சீவாளியின் ஈரம் தெரிகிறது' என்றார்; நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணலைச் சொல்கிறார். வீட்டுக்கு இதுவே இருக்கட்டும். இனி அலுவலகம்தான். உறுமலுக்கு என்ன செய்வது? எலக்ட்ரீஷியன் ஒருவர் மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை வெட்டிவிடச் சொல்கிறார்.

உப்பளம் ஒலியமைப்பாளர்:

வெட்டவே வெட்டாதீர்கள் அம்மா! அந்த முள் எர்த். உள்ளே மின்சாரம் கசிந்தால் உயிரைக் காப்பது அதுதான். உறுமல் வருவது இரண்டு கருவிகள் வேறு வேறு இடத்தில் எர்த் ஆவதால். இடையில் ஆடியோ ஒயர் வழியாக ஒரு வளையம் உருவாகி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமல் ஸ்பீக்கரில் ஏறிவிடுகிறது. ஸ்பீக்கரையும் சார்ஜரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கும். அடங்காவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவே போடும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புளூடூத்தில் கேட்டால் ஒயரே இல்லை, வளையமும் இல்லை.

எதை வாங்குவது என்பதற்கு இப்போது பதில் எளிது. ஈரிஸ் நல்ல ஸ்பீக்கர்தான். முன்பக்கமே ஹெட்ஃபோன் துளையும் வால்யூமும் இருப்பது மேசைக்கு வசதி, தம்பி சொன்ன தெளிவும் உண்மை. ஆனால் அதன் காற்றுத் துளை முதுகில் இருக்கிறது. உங்கள் மேசையோ சுவரை ஒட்டியது, துளையின் தாழ்ந்த ஒலி சுவரில் மோதி 'கும்' என்று பெருகும். எடிஃபையர் ஆர்1280டியில் துளை முன்னால். பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் பக்கவாட்டில் கைக்கு எட்டும், ரிமோட்டும் உண்டு. உங்கள் இடத்துக்கு நான் இதையே சொல்வேன். புளூடூத் வேண்டுமென்றால் ஆர்1280டிபி. விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், வாங்கும் அன்று ஒப்பிடுங்கள். சோனி எஸ்எஸ்-சிஎஸ்5 மூன்று ஒலிப்பான்கள் கொண்ட அருமையான பெட்டி, ஆனால் அதற்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும், துளையும் முதுகில்தான். என்றாவது சந்தைப் பெட்டி ஓய்ந்தால், மாமாவின் ஆம்ப்ளிஃபயர் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வாங்கலாம். சோனி ஆறு ஓம், எட்டு ஓம் பெட்டியைவிட ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை அதிகம்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்ததை யாராவது மலிவாகக் கொடுத்தால், பின்னால் 230 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் செருகாதீர்கள். 120 வோல்ட் மட்டும் தாங்கும் பெட்டி நம் பிளக்கில் நொடியில் கருகும்.

நெல்லிக்குப்பம் மாணவன்:

துளை முதுகில் இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. என் அறையில் ஈரிஸுக்குப் பின்னால் ஜன்னல், அதனால்தான் குறை தெரியவில்லை போலிருக்கிறது. அக்கா, மேசையில் வைக்கும்போது முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வையுங்கள், பழைய ரப்பர் அழிப்பான் இரண்டு போதும். இல்லையென்றால் ட்வீட்டர் நம் நெஞ்சைப் பார்த்துப் பாடும்.

மஞ்சக்குப்பம் கணக்காளர்:

ஆர்1280டிபி வந்துவிட்டது. ஒரே பாக்ஸில் செருகினேன், ஒயரிலும் உறுமல் இல்லை. அலுவலகத்தில் மெதுவாகத்தான் வைக்க முடியும், அப்போது கனம் குறைகிறது. பாஸை இரண்டு புள்ளி கூட்டியிருக்கிறேன், சரிதானே?

இன்னொரு சந்தேகம். சந்தைப் பெட்டியின் முனைகளில் பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது.

உப்பளம் ஒலியமைப்பாளர்:

சரிதான். சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலியில் நம் காது மந்தமாகிவிடும். உரக்க வைக்கும் நாளில் மட்டும் பழைய இடத்துக்குத் திருப்புங்கள்.

பச்சை என்பது கடற்காற்றில் பித்தளை பிடிக்கும் களிம்பு. நம் கரையில் யாரும் தப்ப முடியாது. முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஒயரின் நுனியில் அரை அங்குலத்தை வெட்டிவிட்டுப் புதுச் செம்பைச் செருகுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் செய்தால் போதும். கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் நீண்ட நாள் வரும். பஞ்சு போல இருந்து உதிர்ந்தால் எனக்கு எழுதுங்கள், வளையம் மட்டும் மாற்றலாம். பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கடந்த வாரம் என்னிடம் வந்த ஸ்பீக்கர்களில் அடிப்பலகை ஊறி உப்பியவைதான் அதிகம்.

மஞ்சக்குப்பம் கணக்காளர்:

ரப்பர்தான் ஐயா, கறுப்பாக, உறுதியாக இருக்கிறது. நாளை உப்புத்தாள் வாங்கிவிடுகிறேன். பெட்டிகள் இப்போது அப்பாவின் கட்டிலுக்கு எதிரே, ஆறடி தூரத்தில், இரண்டு மர ஸ்டூல்களின் மேல் இருக்கின்றன.