வியாழக்கிழமை வகுப்புக்கு ரப்பர் பால்

(வில்லுக்குறி வீட்டுக் குடும்பக் குழு)

திங்கள், மாலை

பாப்பா: அனைவருக்கும் வணக்கம். வரும் வியாழக்கிழமை காலை என் முதலாமாண்டு வேதியியல் வகுப்பைப் பார்வையிட முதல்வரும் துறைத் தலைவரும் வருகிறார்கள். பாடம் கூழ்மங்கள், அதாவது பாலைப் போல நுண்துகள்கள் அடியில் படியாமல் மிதக்கும் கலவைகள். அறுபது பேரில் முன்வரிசையில் இருக்கும் நான்கு பேரைத் தவிர யாரும் வாய் திறப்பதில்லை. பெரும்பாலானோர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள்; புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டிவிட்டு, தேர்வில் தாளை வெறுமையாகத் தருகிறார்கள். நான் என்ன செய்வது?

பெரியப்பா: மக்களே, குறிப்பைத் தெளிவாக எழுதி, கரும்பலகையை ஒழுங்காக நிரப்பி, மணி அடிக்கும்போது பாடத்தை முடித்துவிடு. அது போதும்.

அம்மா: வியாழக்கிழமை நாம் தக்கலைக்கு ஜவுளி எடுக்கப் போவதாக அல்லவா இருந்தது?

நாகர்கோவில் சித்தப்பா: பாப்பா, "புரிந்ததா" என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடு, "ஆமாம்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லப் பிள்ளைகளுக்குத் துணிவு வராது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர், தம் மாணவர்கள் கணக்குகளைச் சரியாகப் போட்டாலும் அடிப்படைக் கருத்தில் தடுமாறுவதைக் கண்டு, 1991 முதல் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார். சில விடைகளோடு ஒரு கேள்வியைக் கொடுத்து, முதலில் ஒவ்வொருவரும் பேசாமல் தமக்குத் தோன்றிய விடையைக் குறிக்கச் சொல்வார்; பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லி வாதாடவிட்டு, அதே கேள்வியை மறுபடியும் கேட்பார். எல்லாரும் சரியாகச் சொல்லும் கேள்வியும் எல்லாரும் தவறும் கேள்வியும் இதற்கு ஆகாது; பாதிப் பேர் தடுமாற வேண்டும். இப்போதுதான் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, பக்கத்துப் பிள்ளை எந்த இடத்தில் இடறுகிறது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். விடையைத் தூக்கிக் காட்ட ஆளுக்கு நான்கு அட்டைகள் இருந்தால் போதும்.

பெரியப்பா: அறுபது பேரைப் பேசவிட்டால் அது வகுப்பல்ல, சந்தை.

நாகர்கோவில் சித்தப்பா: அண்ணே, 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேர் தோற்றார்கள். மாணவர்களையே செய்யவும் பேசவும் விட்ட வகுப்புகளில் 22 பேர்.

பெரியப்பா: மிஸ் ஒன்றும் நடத்தவில்லை என்று பிள்ளைகளே முதல்வரிடம் போய்ச் சொல்வார்கள்.

நாகர்கோவில் சித்தப்பா: அந்த அச்சம் சரியானதே. 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளைப் பற்றி வெளிவந்த ஆய்வில், தாமே முயன்று படித்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சிரமப்படுவதைப் புரியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே பாப்பா, இந்த முறை ஏன் என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடு.

குலசேகரம் அத்தை: நான் ஒன்று சொல்கிறேன். 1983-இல் இரண்டாமாண்டு விலங்கியல் வகுப்பில் ஆசிரியர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். விடை எனக்குத் தெரியும்; அதை ஆங்கிலத்தில் மனதுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் அவர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். அந்த ஆண்டு முழுவதும் அப்படியே போயிற்று. எனக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அண்ணனும் அப்பாவிடம் அதையே சொன்னார்.

பெரியப்பா: அது நாற்பது ஆண்டுக்கு முந்திய பேச்சு. இப்போது பாப்பாவின் வகுப்பைப் பேசுவோம்.

குலசேகரம் அத்தை: பாப்பாவின் வகுப்பைத்தான் பேசுகிறேன், அண்ணே.

நாகர்கோவில் சித்தப்பா: அக்கா சொல்வதை மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் பள்ளி வகுப்புகளில் அளந்தே பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார். மூன்று வினாடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

செவ்வாய், மாலை

பாப்பா: இன்று காத்திருந்து பார்த்தேன். பால் திரிவது ஏன் என்று கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். அந்த மௌனத்தில் எனக்கே கை வியர்த்தது. ஏழு எண்ணியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், தமிழில் சொல்லலாமா மிஸ் என்று கேட்டான். அவன் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா விடுவதையும், ஷீட் அடிப்பதற்கு உறைய வைக்க ஆசிட் ஊற்றுவதையும், மழைநீர் விழுந்த சிரட்டையில் பால் கெட்டுப்போவதையும் எழுந்து நின்று சொன்னான். கூழ்மப் பாடத்தில் பாதி அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

குலசேகரம் அத்தை: அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

நாகர்கோவில் சித்தப்பா: வியாழக்கிழமைக்கான கேள்வி கிடைத்துவிட்டது. ரப்பர்த் துகள்களின் மேல் எதிர்மின்சுமை இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் அந்தச் சுமையை நீக்குவதால் கட்டியாகச் சேர்கின்றன. அமோனியா பாலைக் காரத்தன்மையில் வைத்திருப்பதோடு, அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாவையும் அடக்குகிறது. அமிலத்தை ஊற்றும் முன் என்ன நடக்கும் என்று அட்டையைத் தூக்கச் சொல். பாலை உறைய வைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலம் தோலைச் சுடும். நன்றாக நீர்த்து, கையுறை அணிந்து நீயே ஊற்று.

பெரியப்பா: முதல்வர் வரும் நாளில் புதிதாக எதையும் சோதிக்காதே என்பதே என் கருத்து.

பாப்பா: மாமா, ஒரு பாட்டில் பால் கிடைக்குமா?

குலசேகரம் மாமா: பார்க்கிறேன்.

அம்மா: அப்படியென்றால் ஜவுளியைச் சனிக்கிழமைக்கு மாற்றுவதா, வேண்டாமா?

பெரியப்பா: பாப்பா, அட்டைகள் எத்தனை வேண்டும்? என் எழுத்து கடைசி பெஞ்சு வரை தெரியும். நான் எழுதித் தருகிறேன்.

பாப்பா: இரண்டு பேருக்கு ஒரு கட்டு என்றால் 120 அட்டைகள், பெரியப்பா.

குலசேகரம் அத்தை: அ, ஆ, இ, ஈ என்று தமிழில் எழுதுங்கள், அண்ணே.

பெரியப்பா: சரி, தங்கச்சி.

குலசேகரம் மாமா: இங்கே மேகம் இருட்டிக்கொண்டு நிற்கிறது. விடியற்காலை மழை இல்லையென்றால்தான் வெட்டு உண்டு. கிடைத்தால் அமோனியா விட்டு நாளை மாலையே கொண்டு வருகிறேன்.