பதிவெண் இல்லாத டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியுமா?

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். போட்டிப் பயிற்சிக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட 2019ஆம் ஆண்டு மாடல் கேடிஎம் 300 இஎக்ஸ்சி டிபிஐ வண்டி ஒன்று எனக்கு விலைக்கு வந்துள்ளது. இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிட விரும்புகிறேன். விற்பவரிடம் சுங்கத்துறை இறக்குமதிப் பத்திரத்தின் நகலும், அவருக்கு முந்தைய உரிமையாளர் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த விற்பனைச் சீட்டும் மட்டுமே இருக்கின்றன. ஆர்சி (பதிவுச் சான்றிதழ்) கிடையாது, இதுவரை எந்த மாநிலத்திலும் பதிவானதும் இல்லை. ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்தில் போட்டி எண் எழுதிய பிளாஸ்டிக் பலகை இருக்கிறது. பின்பக்க டயரின் பக்கவாட்டில், நெடுஞ்சாலைப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது.

ஆனைகட்டி செல்லும் வழியில் உள்ள நண்பரின் தோட்டத்தில் ஓட்டுவதற்காகத்தான் இந்த வண்டி. ஆனால் வீட்டிலிருந்து அங்கே சாலை வழியாகவே ஓட்டிச் செல்ல முடிந்தால் மிகவும் வசதியாக இருக்கும். எனக்கு மூன்று சந்தேகங்கள் உள்ளன. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், கண்ணாடி ஆகியவற்றைப் பொருத்தி ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டினால் பதிவு செய்து தருவார்களா? இதே மாடல் ஐரோப்பாவில் பதிவெண்ணோடு சாலையில் ஓடுவதால், அந்த நாட்டுச் சான்றிதழ் இங்கே செல்லுபடியாகுமா? உடைப்புக்குப் போன யமஹா ஆர்எக்ஸ் வண்டி ஒன்றின் ஆர்சியை வைத்து "எல்லாவற்றையும் சரிசெய்து" தருவதாக ஓர் இடைத்தரகர் சொல்கிறார், அதை நம்பலாமா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்)

தம்பி, பணம் கைமாறுவதற்கு முன்பே கேட்டது நல்லது. உங்கள் மூன்றாவது சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஆபத்து இருப்பது அதில்தான். உடைப்புக்குப் போன வண்டியின் ஆர்சி என்பது உயிரோடு இருக்கக் கூடாத ஆவணம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 55ஆவது பிரிவின்படி, ஒரு வண்டி அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்பாட்டுக்கு உதவாததாகிவிட்டாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைத்துவிட வேண்டும். அப்படி ஒப்படைக்காமல் வைத்திருந்த ஆர்சியைத்தான் அந்த இடைத்தரகர் உங்களுக்கு விற்கப் பார்க்கிறார். அதிலுள்ள எண் உங்கள் வண்டிக்குப் பொருந்த வேண்டுமென்றால், ஃபிரேமில் உள்ள எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண்ணைக் குத்தியாக வேண்டும். அது அபராதம் கட்டிவிட்டு வெளியே வரக்கூடிய போக்குவரத்து விதிமீறல் அல்ல. போலி ஆவணம், மோசடி என்று காவல்துறை வழக்குப் பதிவு செய்யும் குற்றம்.

மறைத்துவிடலாம் என்று எண்ணவும் வேண்டாம். கேடிஎம் ஃபிரேமில் ஸ்டீயரிங் தலையின் வலப்பக்கத்தில் 17 இலக்கச் சேசிஸ் எண் குத்தப்பட்டிருக்கும். ஆஸ்திரியாவில் தயாரான வண்டி என்றால் அது விபிகே என்ற மூன்று எழுத்துகளோடு தொடங்கும். ஆய்வுக்கு வரும் வண்டியின் சேசிஸ் எண் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பது எங்கள் அன்றாட வேலை. மூல எண்ணைத் தேய்த்தெடுத்த இடத்தில் உலோகம் சற்றே பள்ளமாகி, புதிதாகக் குத்திய எழுத்துகள் ஒரே ஆழத்தில் இல்லாமல் இருப்பது அந்தப் படியிலேயே தெரிந்துவிடும்.

இனி முதல் சந்தேகம். விளக்கும் ஹாரனும் பொருத்தினால் பதிவு கிடைத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, ஆனால் அது சரியல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 47ஆவது விதியின்படி, படிவம் 20இல் தரும் விண்ணப்பத்தோடு விற்பனையாளர் தரும் படிவம் 21ஐயும், இந்த வண்டி மாசு, ஒலி, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் சான்றளிக்கும் படிவம் 22ஐயும் இணைக்க வேண்டும். இறக்குமதியான வண்டி என்றால் சுங்க ஆவணமும் தேவை. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ 126ஆவது விதியின் கீழ் மாதிரி வண்டி ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்து வகை ஒப்புதல் பெற்றிருந்தால்தான் படிவம் 22ஐத் தர முடியும். புனேவில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட், நம் ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற நிறுவனங்கள்தான் அந்தச் சோதனைகளைச் செய்கின்றன. ஒப்புதல் பெற்ற மாடல்களின் விவரம், வண்டிகளைப் பதிவு செய்ய ஆர்டிஓ அலுவலகங்கள் பயன்படுத்தும் 'வாகன்' மென்பொருளில் ஏற்றப்பட்டிருக்கும். அதில் இல்லாத மாடலுக்கு விண்ணப்பம் அடுத்த திரைக்கே நகராது என்பதால், அலுவலகத்தில் யாரைத் தெரிந்திருந்தாலும் பயனில்லை. சாலையில் ஓடும் உரிமை தயாரிப்பாளர் பெற்ற ஒப்புதலோடு வண்டிக்குப் பிறக்கிறது. பிற்பாடு பொருத்தும் உதிரிபாகங்களால் அது வருவதில்லை.

மறுமொழி 2 (பந்தய வண்டி மெக்கானிக்)

ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். இன்ஜின் தரப்பை நான் சொல்கிறேன். டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை இந்தியாவில் யாரும் பெயர் சொல்லித் தடை செய்யவில்லை, மாசு வரம்புதான் அவற்றை வெளியேற்றியது. டூ-ஸ்ட்ரோக்கில் புதிய கலவை சிலிண்டருக்குள் நுழையும் நேரத்தில் எக்ஸாஸ்ட் போர்ட்டும் திறந்தே இருப்பதால், எரியாத பெட்ரோலும் ஆயிலும் ஒரு பங்கு நேராகச் சைலன்சருக்குள் போய்விடுகின்றன. கார்புரேட்டர் வண்டியின் பைப் முனையில் கையை வைத்தால் ஒட்டும் கறுப்புப் பிசுக்கு அதனால் வருவதுதான். நீங்கள் பார்த்திருக்கும் டிபிஐ இன்ஜினில் டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக ஊசித்துளியாகப் பெட்ரோலைச் செலுத்தி இந்த இழப்பைப் பெருமளவு குறைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே அருமையான வேலைப்பாடு அது. ஆனாலும் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6) மாசு விதியில், இரு சக்கர வண்டியின் மொத்த ஹைட்ரோகார்பன் கிலோமீட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக் கூடாது. 2019இல் தயாரான வண்டி அந்த வரம்புக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. அதற்கு முந்தைய பிஎஸ்-4 தரத்தில் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், பிஎஸ்-4 வண்டிகளை 2020 ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. எனவே அந்தக் கதவும் மூடியாகிவிட்டது.

மறுமொழி 3 (ஜெர்மனியிலிருந்து)

நண்பரே, உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு இங்குள்ள நிலையைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் இஎக்ஸ்சி வண்டிகள் ஐரோப்பிய வகை ஒப்புதலோடு விற்கப்படுகின்றன என்பது உண்மை. வண்டியோடு வரும் இணக்கச் சான்றிதழைக் காட்டித்தான் இங்கே பதிவு செய்கிறார்கள். ஆனால் அந்த ஒப்புதல், சக்தியைக் குறைத்து, ஒலியைக் கட்டுப்படுத்தி, இண்டிகேட்டரும் கண்ணாடியும் பொருத்திய நிலைக்கு மட்டுமே உரியது. காட்டுப்பாதையில் ஓட்டுவதற்காக அந்தக் கட்டுப்பாடுகளைக் கழற்றிவிட்டால், சாலையில் ஓட்டும் அனுமதி இங்கேயும் செல்லாமல் போகும். நீங்கள் பார்த்த வண்டி அநேகமாக அப்படிக் கழற்றப்பட்ட நிலையில்தான் இருக்கும். இந்தியாவில் பதிவு செய்ய இந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. ஆய்வாளர் ஐயா சொன்ன படிவம் 22க்கு இது மாற்றாகாது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இடைத்தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. பதிவே இல்லாமல் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டினால் அதுவும் தவறா? சாலையிலும் மண்பாதையிலும் சட்டப்படி ஓட்டக்கூடிய டூ-ஸ்ட்ரோக் வேண்டுமென்றால், முறையான ஆர்சியோடு இருக்கும் ஆர்எக்ஸ் 135 ஒன்றை வாங்கி அதை மண்பாதைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாமா?

மறுமொழி 4 (ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்)

வேலி போட்ட தனியார் தோட்டத்துக்குள், உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டுவதற்குப் பதிவு தேவையில்லை. 39ஆவது பிரிவு பொது இடத்தில் ஓட்டுவதைத்தான் தடுக்கிறது. ஆனால் "பொது இடம்" என்பதற்குச் சட்டம் தரும் வரையறை, தார்ச்சாலையோடு நின்றுவிடுவதில்லை. பொதுமக்கள் சென்றுவர உரிமையுள்ள எந்த இடமும், அது வழியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொது இடமே. ஆகவே ஆற்றுப்படுகை, குளக்கரை, ஊராட்சியின் மண்பாதை எதுவும் உங்களுக்கு விலக்கு அல்ல. ஆனைகட்டிப் பக்கம் தோட்டங்களை ஒட்டியே காப்புக்காடு இருப்பதால், வேலியைத் தாண்டினால் வனத்துறையின் வழக்கும் சேர்ந்துகொள்ளும். அது யானைகள் நடமாடும் பகுதி என்பதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் 192ஆவது பிரிவின்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரையும், மறுமுறை 10,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. மறுமுறைக்குச் சிறைத்தண்டனைக்கும் இடமிருக்கிறது, 207ஆவது பிரிவின்படி வண்டியைப் பறிமுதல் செய்யலாம். இவற்றைவிட நான் அஞ்சுவது விபத்தை. பதிவில்லாத வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருக்காது. நடந்து போகும் ஒருவர்மீது வண்டி மோதிவிட்டால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். குடும்பத்துக்கு இருந்த ஒரே வீட்டையும் இப்படி இழந்தவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் மிகவும் அழுத்தமாகச் சொல்கிறேன்: வீட்டிலிருந்து தோட்டத்துக்கு வண்டியைப் பிக்-அப்பில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

ஆர்எக்ஸ் 135 யோசனை நல்லதுதான். பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், அதன் பிறகு வண்டி நல்ல நிலையில் இருந்தால் படிவம் 25இல் விண்ணப்பித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 20 ஆண்டுகளைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. வாங்குவதற்கு முன் எம்-பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு, ஆர்சி நடப்பில் உள்ளதா, கடன் பதிவு ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியிலேயே நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஆர்எக்ஸ் வண்டிகளில் இன்ஜின் மாற்றியிருப்பது மிகச் சாதாரணம்; அதை ஆர்சியில் ஏற்றாமல் விட்டிருந்தால் புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மாற்றம் செய்வதற்கு 52ஆவது பிரிவு எல்லை வகுத்திருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியிலும் உறுதி செய்தது. தேய்ந்த பாகத்துக்கு அதே வகைப் புதிய பாகம் போடுவதில் சிக்கல் இல்லை. ஆனால் ஃபிரேமை வெட்டுவது, வேறு வண்டியின் ஃபோர்க்கைப் பொருத்துவது, பின்சக்கரத்தின் பாதியை மூடும் சேலைக் காப்பைக் கழற்றுவது, சத்தம் எழுப்பும் சைலன்சர் வைப்பது ஆகியவற்றில் இறங்க வேண்டாம்.

மறுமொழி 5 (பந்தய வண்டி மெக்கானிக்)

ஆர்எக்ஸ் வாங்குவதாக இருந்தால் புகைச் சோதனையையும் கவனியுங்கள். 2000 மார்ச் 31க்குப் பிறகு தயாரான டூ-ஸ்ட்ரோக் இரு சக்கர வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 6,000 பிபிஎம்மும் வரம்பு. அதற்கு முந்தைய வண்டிக்கு 4.5 சதவீதமும் 9,000 பிபிஎம்மும். சைலன்சரின் உட்குழாயை எடுத்துக் கரியைச் சுரண்டி, ஆயில் பம்ப் கேபிளின் குறியைச் சரிபார்த்து, ஏர் ஃபில்டரைக் கழுவி, இன்ஜினைச் சூடாக்கிய பின் சோதனைக்குக் கொண்டுபோனால், நன்றாக இருக்கும் ஆர்எக்ஸ் தேறிவிடும். அப்படியும் தேறவில்லை என்றால் பிஸ்டன் ரிங்கோ கிராங்க் சீலோ போயிருக்கிறது என்று பொருள். கியர் ஆயில் குறைந்துகொண்டே வந்து வெண்புகை தள்ளினால் அது கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல்தான்.

டூ-ஸ்ட்ரோக் என்பதில் பிடிவாதம் இல்லையென்றால், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, 2025இல் வந்த கேடிஎம் 390 எண்டூரோ ஆர் போன்றவை பதிவெண்ணோடு கடையிலேயே கிடைக்கின்றன. போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். மூடிய தடத்தில் நடக்கும் சூப்பர்கிராஸுக்குப் பதிவில்லாத வண்டி போதும். ராலி அப்படியல்ல, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் பொதுச்சாலையில் ஓட்ட வேண்டியிருக்கும் என்பதால் அங்கே ஆர்சியும் காப்பீடும் தேவைப்படும்.

கேட்டவர்

ஐயா, அண்ணா, இருவருடைய விளக்கத்துக்கும் மிக்க நன்றி. இஎக்ஸ்சியை வாங்கப் போவதில்லை. ஒரே உரிமையாளரிடம் இருந்த ஆர்எக்ஸ் 135 ஒன்றை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். அதன் பதிவு அடுத்த மாதம் முடிகிறது. முதலில் பெயர் மாற்றமா, புதுப்பித்தலா?

மறுமொழி 6 (ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்)

முதலில் புதுப்பித்தல். பதிவு முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்க முடியும் என்பதால், இப்போதே அவர் பெயரில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வண்டி ஆய்வில் தேறி, புதுப்பித்த ஆர்சியை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு முழுப் பணத்தையும் கொடுத்து, படிவம் 29இலும் 30இலும் அவர் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டதும் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். தேதியிடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே போகும்போது ஒரு பென்சிலும் வெள்ளைத்தாளும் கொண்டு போங்கள். சேசிஸ் எண்ணை நீங்களே படி எடுத்து, ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயம் ஏதும் தோன்றினால் விலை பேசாமல் திரும்பி வந்து இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.