வீட்டில் தோட்டா நிரப்பப் புரோகிரசிவ் பிரஸ் வாங்குவது: அனுபவப் பகிர்வு

டெக்சஸ், டல்லஸ் புறநகரிலிருந்து

நான்கு ஆண்டுகளாக ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் என்னும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் (இழுப்புக்கு ஒரே வேலை செய்யும் அழுத்தக் கருவி) ஒன்றில்தான் எனக்கு வேண்டிய 9 மில்லிமீட்டர் தோட்டாக்களை நிரப்பி வருகிறேன். ஒவ்வொரு வேலைக்கும் டை எனப்படும் அச்சை மாற்றி, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளான கேஸ்களை ஐம்பது ஐம்பதாக மரப்பலகையில் அடுக்கி, ஒரே கேஸை நான்கு முறை கையிலெடுத்து வைத்து முடிப்பதற்குள் ஒரு சனிக்கிழமை மாலை கழிந்துவிடும். பெட்டியில் 200 தோட்டாக்கள் சேர்ந்திருக்கும். இது எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை. சென்ற ஆண்டு யுஎஸ்பிஎஸ்ஏ என்னும் அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் அமைப்பின் போட்டிகளுக்குச் செல்லத் தொடங்கிய பிறகு, பயிற்சியையும் சேர்த்து மாதம் 800 தோட்டாக்கள் வரை தேவைப்படுவதால், சனிக்கிழமைகள் போதவில்லை.

கடையில் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். போட்டியில் மைனர் என்னும் குறைந்த ஆற்றல் பிரிவில் சேர, பவர் ஃபேக்டர் குறைந்தது 125 இருக்க வேண்டும். புல்லட்டின் (குழலிலிருந்து பாய்ந்து செல்லும் முனை) எடையைக் கிரெய்ன் என்னும் சிறிய அலகில் எடுத்து, அது விநாடிக்குச் செல்லும் அடிகளால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் அது. கடைத் தோட்டாக்கள் பல அந்த எல்லையை வெகுவாகத் தாண்டி, வீணாகக் கையை உதைக்கின்றன. நானே நிரப்பினால் 130-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்ள முடிகிறது. ஆகவே நிரப்புவதை விட மனமில்லை. ஒரே இழுப்பில் எல்லா வேலைகளையும் சேர்த்துச் செய்யும் புரோகிரசிவ் பிரஸ் ஒன்று வாங்க வேண்டும். விளம்பரங்களில் மணிக்கு எத்தனை தோட்டா என்ற எண்ணைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. சொந்தமாக ஒன்றை வைத்துப் பழகியவர்கள் எதைக் கொண்டு தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓஹையோவிலிருந்து

நண்பரே, தடையின்றி ஓடும்போது எல்லாப் பிரஸ்ஸும் நல்ல பிரஸ்தான். நடுவழியில் நின்றுவிட்டால் அது உங்களை எப்படிப்பட்ட தவற்றுக்கு இழுக்கும் என்பதையே வாங்குமுன் பார்க்க வேண்டும். இதை நான் பாடமாகக் கற்றது ஒரு போட்டி நாளில்.

முதலில் வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். புரோகிரசிவ் பிரஸ்ஸில் ஷெல் பிளேட் எனப்படும் வட்டத் தட்டில் நான்கைந்து கேஸ்கள் ஒரே நேரத்தில் நிற்கின்றன. கைப்பிடியை ஒருமுறை இழுத்துவிட்டால், முதல் கேஸிலிருந்து வெடித்த பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) கழன்று, உப்பிய உடல் பழைய அளவுக்கு இறுக்கப்பட்டுப் புதிய பிரைமர் ஏறுகிறது. இரண்டாவதில் பவுடர் விழுகிறது. அடுத்ததில் புல்லட் அமர்கிறது. கடைசியில் கேஸின் வாய் இறுக்கப்படுகிறது. பின்னர் தட்டு ஓர் இடம் நகர்கிறது. தட்டு நிறைந்துவிட்டால் இழுப்புக்கு ஒரு தோட்டா. அந்தத் தட்டை நகர்த்துவது யார் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன: டில்லன் 550-ல் நாமே விரலால் திருப்ப வேண்டும், டில்லன் 750, ஹார்னடி லாக்-என்-லோட் ஏபி போன்றவற்றில் இயந்திரமே திருப்பிக்கொள்ளும்.

நான் முதலில் வாங்கியது கையால் திருப்பும் வகை. ஒருநாள் இரவு ஒரு பிரைமர் தலைகீழாக ஏறிக்கொள்ள, அந்தக் கேஸை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. பத்து நிமிடம் பேசிவிட்டு வந்து, தட்டைத் திருப்பினேனா இல்லையா என்ற ஐயத்துடன் இன்னொரு முறை திருப்பிவிட்டேன். அதனால் ஒரு கேஸ் பவுடர் நிலையத்தைத் தொடாமலே கடந்து, அழகாகப் புல்லட்டை வாங்கிக்கொண்டு பெட்டியில் விழுந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து, போட்டியின் மூன்றாம் கட்டத்தில், வெடிச் சத்தத்துக்குப் பதில் ‘டப்’ என்று ஓர் ஓசை மட்டும் வந்தது. என் விரல் அடுத்த சுடலுக்கு நகர்வதற்குள் பின்னால் நின்ற ரேஞ்ச் அதிகாரி நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டார். கழற்றிப் பார்த்தால் குழலின் நடுவில் புல்லட் சிக்கியிருந்தது. பவுடர் இல்லாவிட்டாலும் பிரைமரின் வேகம் மட்டுமே புல்லட்டைக் குழலுக்குள் தள்ளிவிடும். அதன்மேல் அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் குழல் உப்பியோ பிளந்தோ போயிருக்கும். அந்த அதிகாரியின் காதுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, அதே இரவில் நிரப்பிய மீதித் தோட்டாக்களை எடை போட்டுப் பார்த்து, பவுடர் இல்லாதவற்றைப் பிரித்துவிடலாம் என்று எண்ணினேன். அது நடக்கவில்லை. கைத்துப்பாக்கித் தோட்டாவில் பவுடரின் எடையே நான்கைந்து கிரெய்ன்தான் (ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன்). வெவ்வேறு நிறுவனங்களின் காலிக் கேஸ்களுக்கிடையே உள்ள எடை வேறுபாடே சில சமயம் அதற்கு மேல் இருக்கும். தராசு எதையும் காட்டிக்கொடுக்காது. கடைசியில் 312 தோட்டாக்களையும் சுத்தியல் போன்ற கருவியில் பொருத்தி, தரையில் தட்டித் தட்டிப் பிரித்தேன். இரண்டு இரவுகள் பிடித்தன. வேறு குறை எதுவும் கிடைக்கவில்லை என்பதில் ஆறுதல் உண்டு. ஆனால் மணிக்கட்டு ஒரு வாரம் வலித்தது.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் கொடியது. தட்டைத் திருப்ப மறந்து மீண்டும் இழுத்தால், ஒரே கேஸில் இரண்டு முறை பவுடர் விழும். கைத்துப்பாக்கிக்குரிய அடர்த்தியான பவுடர்கள் கேஸில் பாதியைக்கூட நிரப்பாதவை. ஆகையால் இரட்டை அளவு விழுந்தாலும் வழியாமல் உள்ளே அடங்கிக்கொள்ளும், மேலே புல்லட்டும் அமர்ந்துவிடும். ஆகவே பிரஸ்ஸைத் தேர்ந்தெடுப்பதோடு, பவுடரையும் பருமன் அதிகமுள்ளதாக, இரண்டு முறை விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுப்பதாகத் தேர்ந்தெடுங்கள். அளவை மட்டும் அச்சிட்ட கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும்; நண்பர் சொன்ன அளவு, இதே போன்ற பகிர்வுகளில் படித்த அளவு எதுவும் வேண்டாம்.

இப்போது என்னிடம் இருப்பது ஐந்து நிலையங்கள் கொண்ட, தானே திரும்பும் பிரஸ். ஐந்தாவது நிலையம் எதற்கென்றால், பவுடர் விழுந்ததும் அதன் உயரத்தைத் தடவிப் பார்க்கும் டை ஒன்றைப் பொருத்துவதற்கு. ஆர்சிபிஎஸ் லாக்-அவுட் டை என்பது, பவுடர் இல்லையென்றாலும் இரட்டிப்பாக இருந்தாலும் கைப்பிடியையே நகர விடாமல் பூட்டிவிடும். டில்லனின் சோதனைக் கருவி ஒலியெழுப்பும். எனக்குப் பூட்டுவதே பிடித்திருக்கிறது, ஏனெனில் வேலை செய்யும்போது நான் பாட்டுக் கேட்பவன். அதை முதலில் நிறுத்த வேண்டும் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

பென்சில்வேனியாவிலிருந்து

நான் டிராப் (காற்றில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டி) சுடுபவன். 12 கேஜ் ஷாட்கன் மட்டும்தான். எங்கள் உலகம் வேறு: விஸ்கான்சின் மாநிலத்து மேவில் ஊரின் மெக் நிறுவனப் பிரஸ்களே எங்கள் மன்றத்தில் பெரும்பாலானோரிடம் உள்ளன. 600 ஜூனியரில் பழகிவிட்டு 9000-க்கு மாறினேன். ஈயச் சன்னங்கள் தரையெங்கும் சிதறி, ஒருநாள் அவற்றில் கால் வழுக்கி விழுந்தேன் என்பதைத் தவிர இந்த விவாதத்தில் சேர்க்க என்னிடம் எதுவுமில்லை. ஓஹையோக்காரர் சொன்ன ‘நின்றால் என்ன’ என்ற கேள்வி ஷாட்கன் குண்டுகளுக்கும் அப்படியே பொருந்தும்.

மிச்சிகனிலிருந்து

ஓஹையோ அண்ணன் எழுதியதை மதித்தே மாறுபடுகிறேன். அதே கையால் திருப்பும் வகையைத்தான் நான் பதினொரு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன், விட மாட்டேன். காரணம், நான் தொடாமல் அதில் எதுவும் நகராது. கேஸ் சிக்கிக்கொண்டால் கைப்பிடியை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம், தட்டு அங்கேயே நிற்கும். தானே திரும்பும் பிரஸ்ஸில், பாதி இழுப்பில் நிறுத்தி, சிக்கலை எடுத்துவிட்டு மீண்டும் இழுக்கும்போது, எந்தக் கேஸுக்கு என்ன நடந்தது என்பதை மனத்தில் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். என் கணவரிடம் அத்தகைய பிரஸ் இருந்தது. இரட்டைப் பவுடர் விழுந்த கேஸ் ஒன்றை நான் கண்டது அதில்தான். புல்லட் வைக்குமுன் பார்த்துவிட்டேன். அண்ணனுக்கு நேர்ந்தது தொலைபேசியின் பிழையே தவிர, வகையின் பிழையன்று. எங்கள் வீட்டில் ஒரே விதி: எதற்காகக் கை நின்றாலும், தட்டில் உள்ள எல்லாக் கேஸ்களையும் எடுத்து, பவுடரைப் புட்டியில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு கேஸ்களுக்காக யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள்.

அடுத்து, எத்தனை அளவுத் தோட்டாக்கள் நிரப்புவீர்கள் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். நான் 9 மில்லிமீட்டரும் .45 ஏசிபியும் நிரப்புகிறேன். டைகள் பூட்டிய தலைப்பகுதியை அப்படியே உருவி இன்னொன்றைச் செருகும் வசதி இருந்தால், மாற்றுவது கால் மணி வேலை. ஒவ்வோர் அளவுக்கும் தனித் தலையும் தட்டும் வாங்குவதற்கான செலவைப் பிரஸ்ஸின் விலையோடு சேர்த்தே பாருங்கள். டில்லன் ஸ்கொயர் டீல் பி மலிவாகத் தோன்றும், ஆனால் அது கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு மட்டுமானது. தனக்கென்றே செய்த டைகளைத் தவிர வேறெதையும் ஏற்காது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் டைகள் பயன்படாமல் போகும். லீ சிக்ஸ் பேக் ப்ரோவில் குறைந்த விலைக்கு ஆறு நிலையங்கள் கிடைக்கும். அடிக்கடி சரிசெய்யும் பொறுமை உள்ளவர்கள் அதில் மகிழ்ச்சியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். டில்லன் 1100 உங்களுக்குத் தேவையில்லை. அதற்கு ஆயுள் முழுவதுமான உத்தரவாதம் கிடையாது. 550-க்கும் 750-க்கும் உண்டு.

.45 நிரப்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் கேஸ்கள் பெரிய பிரைமர் குழியுடனும் வருகின்றன, சிறிய குழியுடனும் வருகின்றன. மைதானத்தில் பொறுக்கியவற்றைப் பிரிக்காமல் போட்டால், சிறிய குழிக்குள் பெரிய பிரைமரை நசுக்கித் திணிக்கும் அந்த ஒரு கணம் கைப்பிடியில் நன்றாகத் தெரியும். தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும்; பலம் கொடுக்கக் கூடாது. பிரைமர் குழாயில் நூறு பிரைமர்கள் வரிசையாக நிற்பதை நினைவில் வையுங்கள். கண்ணாடி அணியாமல் நான் அந்த மேசையருகே நிற்பதில்லை.

மேசை என்றதும் நினைவுக்கு வருகிறது: கைப்பிடியை இழுக்கும்போது மேசை ஆடினால் பிரைமர் ஒன்றுபோல் அமராது, பவுடர் அளவும் சீராக விழாது. எங்கள் அடித்தளத்தில் சுவரின் மரச்சட்டங்களோடு போல்ட்டு போட்டு இறுக்கிய பிறகுதான் எங்கள் தோட்டாக்கள் ஒழுங்குக்கு வந்தன. அதற்கு முன் பிரஸ்ஸைப் பழித்துக்கொண்டிருந்தோம்.

குழந்தைகள் உள்ள வீடு என்பதால் இதையும் எழுதுகிறேன். வெடித்த பிரைமரின் தூளில் ஈயம் இருக்கிறது. அந்த அறையில் உண்பதில்லை, வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் கை கழுவிய பிறகே மாடிக்கு வருகிறோம், அங்கு அணியும் செருப்பு மேலே வராது. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏ வகுத்த 495 விதிமுறையின்படி வீட்டில் 20 பவுண்டு பவுடரும் 10,000 பிரைமர்களும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர் விதி அதைவிடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை. விற்பதற்காக நிரப்பினால் ஆறாம் வகை உரிமம் வேண்டும். நண்பருக்கு ‘செலவுக்கு மட்டும்’ கொடுப்பது என்று தொடங்குபவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

சென்ற கோடையில் மதுரையிலிருந்து வந்திருந்த சித்தப்பா, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள ஒரு காலிக் கேஸ் கேட்டார். கொடுக்கவில்லை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். பெட்டியில் தோட்டா அகப்பட்டு விமான நிலையத்தில் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். பித்தளைத் துண்டுதானே என்று அவர் கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் பேசவில்லை.

மீண்டும் டல்லஸ் புறநகரிலிருந்து

எழுதிய அனைவருக்கும் நன்றி. இந்தப் பகுதியில் இருவகைப் பிரஸ்ஸும் வைத்திருக்கும் இருவரின் வீடுகளுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டாக்கள் நிரப்பிப் பார்த்தேன். தானே திரும்பும் பிரஸ்ஸில் இருபதாவது தோட்டாவுக்குப் பிறகு என் கண் கேஸுக்குள் செல்லாமல், பெட்டியில் விழும் தோட்டாக்களின் எண்ணிக்கைக்குச் செல்வதைக் கவனித்தேன். மிச்சிகன் சகோதரி சொன்னதுபோல் கையால் திருப்பும்போது, விரல் தட்டைத் தள்ளும் அதே நொடியில் கண்ணும் அங்கே போகிறது. நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு கேஸையும் விளக்கொளியில் குனிந்து பார்த்த பழக்கம் அதில் எனக்கு அப்படியே மிஞ்சுகிறது.

டில்லன் 550 சி வாங்கிவிட்டேன். ஆனால் ஓஹையோ நண்பரின் பூட்டையும் விடவில்லை. நான்கு நிலையங்களே இருப்பதால், புல்லட்டை அமர்த்துவதையும் வாயை இறுக்குவதையும் ஒரே டையில் சேர்த்து, மூன்றாவது நிலையத்தில் லாக்-அவுட் டையைப் பொருத்தியிருக்கிறேன். நேற்று முதல் நூறு. விளம்பரத்தில் மணிக்கு 500-லிருந்து 600 வரை என்றிருந்தது. எனக்கு அந்த நூறுக்கே ஐம்பது நிமிடம் பிடித்தது, அதில் பாதி பிரைமர்களை ஒவ்வொன்றாகக் குழாயில் ஏற்றுவதில். நாற்பத்து மூன்றாவது இழுப்பில் கைப்பிடி பூட்டிக்கொண்டது. புட்டியில் பவுடர் தீர்ந்திருந்தது.